காகிதக் கலமும் கட்டுமரமும்

போட்டி விதிகள் அச்சிட்ட தாளை ஒரு பிரதியாகக் கருதி வாசிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். மாணவர்கள் கடைசித் தேதியை மட்டும் பார்த்துவிட்டு நகர்வார்கள். ஆயினும், அட்டையையும் காகிதத்தையும் கொண்டு ஆளைத் தாங்கும் மிதவை செய்து, இயன்றால் அதில் பாயும் கட்டி நீரில் செலுத்த வேண்டும் என்கிற மாணவர் போட்டிகளின் விதிகளைச் சற்று நிதானமாக வாசித்தால், நீரைப் பற்றிய மிகப் பழைய வழக்குகள் அவற்றில் ஒளிந்திருப்பது தெரியும். கலம் எதனால் ஆகலாம், எதனால் ஆகலாகாது. அதில் யார் ஏறலாம். எவ்விடத்தில் யார் முறை முதலில் வரும். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் இவை விளையாட்டுக் கேள்விகள் அல்ல. தலைமுறை தலைமுறையாக அங்குச் சோறும் சச்சரவும் இக்கேள்விகளின் மேல்தான் நடந்துவந்திருக்கின்றன.

முதலில் காகிதத்தின் கதை. லண்டன் தேம்ஸ் நதியில் துடுப்பு வலித்துப் பிழைத்தவர் ஜான் டெய்லர். கவிஞரும் ஆவார், ‘நீர்க்கவிஞர்’ என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர். மதுவணிகர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பழுப்புக் காகிதப் படகில் லண்டனிலிருந்து குவின்பரோ வரை போனதை 1620இல் வெளியான சணல் விதை பற்றிய செய்யுள் நூலில் எழுதினார். துடுப்புகளாகப் பயன்பட்டவை பிரம்பில் கட்டிய கருவாடுகள். காகிதம் விரைவிலேயே ஊறிக் கரைந்தது. பக்கங்களில் கட்டியிருந்த, காற்றடைத்த மாட்டு நீர்ப்பைகள்தாம் இருவரையும் காப்பாற்றின. இன்றைய போட்டி விதிகளின்படி டெய்லர் தகுதி இழந்திருப்பார்: மிதப்புக்குத் துணைசெய்யும் வேறு பொருள் கூடாது என்பது ஏறக்குறைய எல்லா விதித்தாள்களிலும் உண்டு. அதே பத்தாண்டில்தான், 1613இல், டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்திருந்தார்கள். துணி ஏற்றப்பட்ட பெருங்கலங்கள் அத்துறையைத் தேடி வந்த காலம் அது.

காகிதம் விளையாட்டை விட்டுத் தொழிலுக்கு வந்தது 1867இல். நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரில் எலிஷா வாட்டர்ஸ் என்பவர் அட்டைப்பெட்டி செய்துவந்தார். அவருடைய மகன் ஜார்ஜ் ஒரு வேடக் கூத்துக்குக் காகித முகமூடி ஒட்டிச் செய்தான். அதே முறையில் ஒழுகும் படகை ஒட்டினான். பிறகு முழுப்படகையே காகிதத்தில் வார்த்தான். மர அச்சின்மேல் காகித அடுக்குகளைப் பசையிட்டுப் படியவைத்து, உலர்த்தி, மெருகெண்ணெய் பூசுவது முறை. 1870களில் அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான படகுப் போட்டிகளில் இக்காகிதப் படகுகள் மரப்படகுகளை வென்றன. ஆக, மாணவர்களும் காகிதக் கலமும் சேர்ந்தது நேற்று இன்றன்று. நதானியேல் பிஷப் என்பவர் 1874-75இல் ஏறத்தாழ 26 கிலோ எடையுள்ள ஒரு காகிதத் தோணியில் டிராயிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை சென்று, அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார்.

இன்று உலகெங்கும் நடக்கும் அட்டைப்படகுப் போட்டிகளின் மூலம் வேறு. இல்லினாய் மாநிலத்தின் கார்பண்டேல் நகரில், தெற்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புக் கற்பித்த ரிச்சர்ட் ஆர்ச்சர், 1974இல் தம் மாணவர்களுக்கு இறுதித் தேர்வாக ஒன்றை வைத்தார். நெளியட்டையில் கலம் செய்து, ஆளேறி, வளாக ஏரியில் ஓட்டிக் காட்ட வேண்டும். அது பின்னர் ஊர்த் திருவிழாவாகி, பிற ஊர்களுக்கும் பரவியது. அப்போட்டியில் நமக்கு மிகப் பிடித்தது, மிக அழகாக மூழ்கும் படகுக்கு டைட்டானிக் பெயரில் அளிக்கும் பரிசு. தோற்றவனுக்கும் ஒரு பரிசு வைத்த தேர்வாளரை நம் கல்விக்கூடங்களில் காண்பது அரிது.

அத்தகைய போட்டிகளின் விதிகளில் நெளியட்டைதான் முதன்மைப் பொருள். ஒட்டுநாடா மூட்டுகளில் மட்டும் வரலாம். உடல் முழுவதும் சுற்றக் கூடாது. பிளாஸ்டிக் உறையிட்டு மூடினால் தகுதி போகும். மரம், நுரைப்பலகை கூடாது; பூச்சு உண்டு. மேற்புறம் மூடிய கலம் அறவே கூடாது, ஏனெனில் கவிழ்ந்தால் ஆள் வெளியேற வேண்டும். உயிர்காப்பு அங்கி கட்டாயம். கடைசி இரண்டையும் தவிர மற்றவை அனைத்தும் ஒரே கருத்தின் கிளைகள்: நீரை உறிஞ்சும் பொருளைக் கொண்டு நீரை வெல்லப் பார், நீர் புகாப் பொருளின் பின்னே ஒளிந்துகொள்ளாதே.

இவ்விடத்தில்தான் கட்டுமரம் நினைவுக்கு வருகிறது. சங்கப் பாடல்களில் திமில், அம்பி, வங்கம், நாவாய் முதலியவற்றோடு புணையும் உண்டு. வேழத் தண்டுகளைப் பிணைத்த அப்புணையின் கொள்கையும் கட்டுமரத்தின் கொள்கையும் ஒன்றே. படகு நீரை வெளியே நிறுத்தி மிதக்கிறது. கட்டுமரமோ நீரைத் தன்மேல் ஏறவிட்டு, இடுக்குகளின் வழியே வடியவிட்டு மிதக்கிறது. மூன்று முதல் ஏழு வரையான இலேசான மரங்களைச் செதுக்கிக் கயிற்றால் பிணைப்பார்கள்; ஆணி கிடையாது. இலேசான மரம் நீரைக் குடிக்கும், குடித்தால் கனக்கும். ஆகவே கரையேறியதும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் உலரப் போடுவார்கள். காகிதக் கலம் செய்யும் மாணவன் முதல் நாளிலேயே எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டுக்கு இக்கரையில் கண்ட விடை அது. நீர் புகாமல் தடுக்கவில்லை. எவ்வளவு நேரம் ஊறலாம், எவ்வளவு நேரம் உலர வேண்டும் என்று கணக்கிட்டு வாழ்ந்தார்கள்.

பாய் கட்டிய கட்டுமரத்தை இன்றைய பாய்ப்பலகையின் மூத்த உறவினர் எனலாம். இரண்டிலும் ஆள் கலத்துக்குள் அமர்வதில்லை. கலத்தின்மேல் நிற்கிறான் அல்லது மண்டியிடுகிறான். பக்கக் காற்றில் கலம் ஒதுங்காமலிருக்க நீருக்குள் ஒரு பலகையை இறக்குவதும் இரண்டுக்கும் பொது. பாய்ப்பலகை யாருடைய கண்டுபிடிப்பு என்பது தனி வழக்கு. உண்மையாகவே நீதிமன்ற வழக்கு. பென்சில்வேனியாவின் நியூமன் டார்பி 1964இல் ஒன்றைச் செய்தார். ஹாயில் ஸ்வைட்சரும் ஜிம் டிரேக்கும் 1970இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். ஆனால் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் பின்னர் அவ்வுரிமை அந்நாட்டில் செல்லாது என்றது. காட்டப்பட்ட சான்றுகளுள் ஒன்று, 1958இல் ஹேலிங் தீவருகே பீட்டர் சில்வர்ஸ் என்னும் 12 வயதுச் சிறுவன் செய்து ஓட்டிய பாய்ப்பலகை. பெரிய நிறுவனத்தின் உரிமையை ஒரு சிறுவனின் விடுமுறை விளையாட்டு அசைத்துவிட்டது.

கட்டுமரத்தின் சொல் உலகம் சுற்றிய கதையிலும் ஒரு போட்டி விதி குறுக்கிடுகிறது. 1697இல் வெளியான தம் பயண நூலில் வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையின் இச்சொல்லை ஆங்கிலத்தில் பதிந்தார். பின்னாளில் அது இரட்டை உடற்படகுக்குப் பெயராயிற்று; பொருள் மாறி, பெயர் மட்டும் தமிழாய் நின்றது. 1876இல் நியூயார்க்கில் நடந்த நூற்றாண்டுப் பாய்மரப் போட்டியில் நதானியேல் ஹெர்ஷாஃப் தம் ‘அமரில்லிஸ்’ என்னும் இரட்டை உடற்படகைக் கொண்டுவந்து, மற்றவற்றைப் பின்தள்ளினார். தோற்றவர்கள் முறையிட்டார்கள், படகு தகுதி நீக்கம் பெற்றது. அதே வகைக்கு ஒலிம்பிக்கில் இடம் கிடைக்கச் சரியாக 100 ஆண்டுகள் ஆயின. மிக வேகமாகப் போவது படகே அன்று எனத் தீர்ப்பளிப்பது விதி எழுதுவோருக்கு எப்போதும் எளிது.

இனி ஏரிக்கு வருவோம். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி தமிழகத்தில். ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீர் கொண்டுவர, முகத்துவாரம் கடல்நீரை விடுகிறது. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே. ஆகவே ஏரித்தோணிகளைக் கழியூன்றியே தள்ளலாம். காற்று வாய்த்தால் பாயும் விரியும். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நிற்பது ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. 1969இல் ஏவுதளத்துக்குத் தேர்வான பின், அங்கிருந்த மக்கள் வெளியேற நேர்ந்தது. ஏவும் நாள்களில் மீனவர் எங்குப் போகலாகாது என்பதும் ஒரு விதியாயிற்று.

இவ்வேரியின் தமிழகப் பகுதியில் பட்டினவர் சமூகத்துக் குப்பங்கள் சில கைக்கொண்டுவந்த ஏற்பாட்டுக்குப் ‘பாடு’ என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகியவற்றை ஆய்வாளர்கள் இதன் மூலக் குப்பங்களாகக் குறிப்பார்கள். இவற்றுள் இந்துக் குப்பமும் உண்டு, கத்தோலிக்கக் குப்பமும் உண்டு. பாடு என்ற சொல்லுக்குத் தமிழில் உழைப்பு, துன்பம், இடம், பக்கம் எனப் பல பொருள். கடற்கரையில் ‘மீன்பாடு’ என்றால் கிடைத்த மீன். இங்கே அது வலை ஊன்றும் இடமும், அவ்விடத்தின் மேல் ஒருவருக்கு வரும் முறையும்.

காரணம் எளியது. முகத்துவாரத்தை ஒட்டிய சில இடங்களில் ஓதம் ஏறி இறங்கும்போது இறால் திரண்டு வரும். அத்தகைய இடங்கள் சிலவே. இறங்க விரும்புவோர் பலர். எல்லாரும் ஒரே நாளில் வலை ஊன்றினால் எவருக்கும் ஒன்றும் மிஞ்சாது. வல்லவனுக்கே நல்ல இடம் என்றால் ஊர் நிலைக்காது. ஆகவே சீட்டுக் குலுக்கி முறை வகுத்தார்கள். இன்று நல்ல இடம் பெற்றவர் வேறொரு நாள் மோசமான இடத்துக்குப் போவார். மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து தண்டம் விதிக்கும். விதித்தாள் அச்சிடாமலே ஓடிய போட்டி இது. போட்டியைக் கூடியவரை இல்லாமல் ஆக்குவதே அதன் நோக்கமும்.

கடலுக்கு அப்பால் நீர்கொழும்புக் களப்பிலும் கட்டுவலைக்கு இதையொத்த குலுக்கல் முறை உண்டு. மீனவர் சங்கங்கள் தேவாலயங்களை ஒட்டி அமைந்தவை. முன்பு தமிழ் பேசிய மீனவர் பலர் வாழும் கரை அது. இலங்கை அரசு 1958இல் அவ்வழக்கத்தைச் சட்ட ஒழுங்குவிதியாகவே எழுதிவைத்தது. பழவேற்காட்டுப் பாட்டுக்கு அத்தகைய எழுத்துக் காப்பு வாய்க்கவில்லை. எழுதாத விதி வளையும் என்பது அதன் நன்மை. அதிகாரியின் மேசையில் அது விதியாகவே தோன்றாது என்பது தீமை.

ஆனால் பாட்டை ஓர் இலட்சியக் குடியரசாகப் புகழ நமக்கு மனமில்லை. முறைக்கு உள்ளே சமத்துவம் உண்டு, வாசலில் இல்லை. பட்டினவர் அல்லாதார் அதில் இல்லை, பெண்கள் இல்லை. சேற்றில் கைகளால் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்த பறியில் போடும் இருளர் பெண்களுக்குக் குலுக்கலில் சீட்டு ஏது? இறாலுக்கு ஏற்றுமதி விலை வந்தபின், 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிற குப்பத்தாரும் பங்கு கேட்டார்கள், மோதல்கள் நிகழ்ந்தன. முன்னவர் ‘மரபு’ என்றார்கள். பின்னவர் ‘ஏரி பொது’ என்றார்கள். இரண்டும் பொய்யன்று என்பதுதான் சிக்கல்.

இதற்கிடையே கலமும் மாறிற்று. 1990கள் முதலே வந்துகொண்டிருந்த கண்ணாடியிழைப் படகு, 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாகக் கரையெங்கும் குவிந்தது. அதற்கு உலர்த்தல் வேண்டியதில்லை. பொறியிருப்பதால் பாயும் வேண்டியதில்லை. உழைப்பு குறைந்தது, இதைக் குறைசொல்ல வகுப்பறையில் நிற்கும் நமக்கு உரிமை கிடையாது. என்றாலும், வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றைப் பெயர் சொல்லி அழைத்துப் பாயைத் திருப்பிய கையறிவு, அதை எழுதிவைக்கும் முன்பே முதியவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது.

விதி எழுதுவோர் மறக்கலாகாத நாள் ஒன்றும் இவ்வேரிக்கு உண்டு. 2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலா வந்தவர்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறிய ஆட்கள். உயிர்காப்பு அங்கிகள் இல்லை. அதன்பின் உல்லாசச் சவாரிக்குத் தடை வந்தது. ஒரு மீட்டர் ஆழம்தானே என்று ஏரியைப் பற்றிச் சொல்பவர்கள் முகத்துவாரத்தின் நீரோட்டத்தைக் கணக்கில் கொள்வதில்லை.

அப்படியானால் இக்கரையில் மாணவர்களுக்கு ஒரு காகிதக் கலப் போட்டி வைத்தால் விதிகள் எவ்வாறிருக்க வேண்டும்? ஆர்ச்சரின் மரபிலிருந்து நெளியட்டையையும் திறந்த மேற்புறத்தையும் அங்கியையும் எடுத்துக்கொள்ளலாம். மூழ்கும் கலத்துக்கான பரிசை அவசியம் எடுத்துக்கொள்ள வேண்டும். பாயிருக்கலாம், ஆனால் பாய்மரத்தின் அடியில்தான் அட்டை முதலில் கிழியும் என்பதை மாணவர் தாமே கண்டறியட்டும். முகத்துவாரத்துக்கும் ஊன்றிய வலைகளுக்கும் எட்டத்தில், இடுப்பளவு நீரில், குப்பத்துப் பஞ்சாயத்திடம் நாளும் இடமும் கேட்டுப் பெற்ற பின்பே இறங்க வேண்டும். தடங்களில் நீர் ஓடும் போக்கும் காற்றின் மறைவும் ஒன்றுபோல் இரா. ஆகவே எந்தக் குழுவுக்கு எந்தத் தடம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்து, ஒவ்வொரு சுற்றிலும் தடம் மாற்ற வேண்டும். நடுவர்களில் ஒருவராவது பாய் கட்டிக் கடலுக்குப் போன முதியவராக இருக்க வேண்டும். தடவி இறால் பிடிக்கும் பெண் ஒருவரும் இருந்தால் நீரின் தரையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது வேறெவருக்கும் தெரியாது. ஏரியில் காகிதத் துணுக்கோ நாடாவோ மிதக்கவிட்டால் மதிப்பெண் குறையும். ஓட்டம் முடிந்ததும் ஒவ்வொரு குழுவும் தன் கலத்தைக் கரையேற்றி, கட்டவிழ்த்து, பகுதி பகுதியாக மணலில் பரப்பி, அது எத்தனை கிலோ நீர் குடித்திருக்கிறது என்று நிறுத்துக் காட்ட வேண்டும்.