கண்ணைக் கட்டினால் காது கேட்குமா?

பத்து லட்சம் டாலர் பரிசு. போட்டி ரொம்ப சுலபம். உட்கார்ந்து பாட்டு கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

2007ல் அமெரிக்காவில் இப்படி ஒரு சவால் விட்டார் ஜேம்ஸ் ராண்டி. மேஜிக் நிபுணர். ஆவியோடு பேசுகிறேன், பார்வையாலேயே ஸ்பூனை வளைக்கிறேன் என்று யாராவது கிளம்பினால், 'எங்கே, என் முன்னால் செய்து காட்டு' என்று மல்லுக்கு நிற்கிற ஆசாமி. 1964ல் சொந்தப் பாக்கெட்டிலிருந்து 1,000 டாலர் எடுத்துவைத்து அவர் ஆரம்பித்த பரிசு, 1990களில் பத்து லட்சமாகிவிட்டது. பேய், பிசாசு, ஜோசியமெல்லாம் தாண்டி அந்த முறை அவர் கைவைத்தது, ஒயரில்.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிறதே, அந்த ஒயர்தான். 'பியர்' என்ற நிறுவனத்தின் 'அன்ஜூ' ஸ்பீக்கர் கேபிள், 12 அடி நீளம், ஒரு ஜோடி 7,250 டாலர். அன்றைய மதிப்பில் இரண்டே முக்கால் லட்சம் ரூபாய்க்கும் மேல். இதையும் நல்லதொரு மான்ஸ்டர் கேபிளையும் மாற்றி மாற்றிப் போடுவோம். எது எது என்று காதால் மட்டும் கேட்டுச் சொல்லிவிட்டால் பணம் உங்களுக்கு. இதுதான் சவால்.

யார் ஜெயித்தார்கள்? கடைசியில் சொல்கிறேன். ஒரு முழ ஒயருக்கு ஒரு பவுன் தங்கத்தின் மவுசு எப்படி வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

1970கள் வரை ஸ்பீக்கர் ஒயர் என்று தனியாக ஒரு சரக்கு கிடையாது என்றே சொல்லலாம். மேஜை விளக்குக்குப் போடுகிற சாதா ஒயரைத்தான் அமெரிக்கர்கள் ஸ்பீக்கருக்கும் மாட்டினார்கள். கடைக்காரர் அதை இனாமாகக்கூடக் கொடுத்துவிடுவார்.

அப்போதுதான் நோயல் லீ வந்தார். சான் பிரான்சிஸ்கோவில், சீனாவிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். லாரன்ஸ் லிவர்மோர் ஆராய்ச்சிக் கூடத்தில் இன்ஜினீயர். இசைக்குழுவில் டிரம்ஸும் வாசித்தவர். விதவிதமான ஒயர்களை வாங்கி வந்து, சாய்கோவ்ஸ்கியின் '1812' இசையை ஓடவிட்டு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். தடித்த ஒயரில் நன்றாகக் கேட்கிறது என்று முடிவு செய்து, 1979ல் கம்பெனி தொடங்கினார். பெயர், மான்ஸ்டர் கேபிள். அதாவது, ராட்சச ஒயர்.

நான் பி.காம். படித்தவன். எலெக்ட்ரானிக்ஸ் பிடிபடாவிட்டாலும், லீ செய்த வியாபாரக் கணக்கு எனக்கு உடனே பிடிபட்டுவிடுகிறது. ஸ்டீரியோ விற்றால் கடைக்காரருக்குக் கிடைக்கிற லாபம் சொற்பம். பக்கத்துக் கடைக்காரன் பத்து டாலர் குறைத்தால் இவரும் குறைத்தாக வேண்டும். ஆனால் ஒயர்? அதற்கு என்ன விலை என்று வாடிக்கையாளருக்குத் தெரியவே தெரியாது. 'இவ்வளவு செலவு பண்ணி செட் வாங்கறீங்க, ஒயர்ல போய் கஞ்சத்தனம் பண்ணலாமா சார்?' ஒரே ஒரு கேள்வி. சட்டைப்பைக்குள் கை தானாகப் போய்விடும். இனாமாகக் கொடுத்த சரக்கு, கடையிலேயே அதிக லாபம் தருகிற சரக்காக மாறியது. 2004ல் சான் பிரான்சிஸ்கோவின் புகழ்பெற்ற கேண்டில்ஸ்டிக் ஸ்டேடியமே காசு கொடுத்து 'மான்ஸ்டர் பார்க்' ஆக்கப்பட்டது. ஒயர் விற்ற காசு!

எல்லோரும் தலையாட்டிவிடவில்லை. மெக்கின்டாஷ் என்றால் அமெரிக்க ஆம்ப்ளிஃபயர்களில் ராஜா. அதன் தலைவராக இருந்த கோர்டன் கௌ, கண்காட்சிகளில் ஒரு ஸ்விட்ச் பெட்டியை வைத்து விலை உயர்ந்த ஒயரையும் சாதா ஒயரையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் தடித்த ஒயரின் மவுசு குறையவில்லை.

சரி, யாரை நம்புவது? 'என் காதால் கேட்டேன்' என்கிறவரையா, 'எல்லாம் பிரமை' என்கிறவரையா? இந்தப் பஞ்சாயத்தைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. இருநூறு வருஷத்துக்கும் மேல் பழசு. அதற்கு நாம் பாரிஸ் போக வேண்டும்.

வருடம் 1784. மெஸ்மர் என்ற வைத்தியர் பாரிஸையே கிறங்கடித்துக்கொண்டிருந்தார். உடம்புக்குள் ஒருவகைக் காந்த சக்தி ஓடுகிறது, அதைச் சரிசெய்தால் நோய் போய்விடும் என்றார். நோயாளிகள் துடித்தார்கள், மயங்கி விழுந்தார்கள், குணமானதாகச் சொன்னார்கள். மன்னர் பதினாறாம் லூயி விசாரணைக் குழு போட்டார். உறுப்பினர்களைப் பாருங்கள்: அமெரிக்கத் தூதராக அங்கே இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின், நவீன வேதியியலின் தந்தை லவாய்சியே, பின்னாளில் தலைவெட்டும் இயந்திரத்துக்குப் பெயர் கொடுத்த டாக்டர் கில்லட்டின்.

பாஸியில் இருந்த பிராங்க்ளின் வீட்டுத் தோட்டம். மெஸ்மரின் சீடர் டெஸ்லோன் ஒரு ஆப்ரிகாட் மரத்துக்குக் காந்த சக்தி ஏற்றினார். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டி அழைத்து வந்து, ஒவ்வொரு மரமாகக் கட்டிப்பிடிக்கச் சொன்னார்கள். நாலாவது மரத்தில் பையன் மயங்கி விழுந்தான்.

அது தப்பான மரம்.

பையன் நடித்தானா? இல்லை. மயக்கம் நிஜம். ஆனால் மயக்கம் மரத்திலிருந்து வரவில்லை, 'மயங்கப் போகிறோம்' என்கிற எதிர்பார்ப்பிலிருந்து வந்தது. அறிவியல் வரலாற்றில் இந்தக் கண்கட்டு மிக முக்கியமான துணி. இன்றைக்கும் பல புது மருந்துகளை, எது மருந்து, எது வெறும் சர்க்கரை மாத்திரை என்று நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாமல்தான் சோதிக்கிறார்கள்.

அதே துணியை ஒயருக்கும் கட்டினால்?

கட்டினார்கள். 1983ல் 'ஸ்டீரியோ ரெவ்யூ' பத்திரிகைக்காக லாரன்ஸ் கிரீன்ஹில் சோதனை நடத்தினார். மான்ஸ்டர் கேபிள், சாதா 16 கேஜ் ஒயர், நூல் மாதிரி மெல்லிசான 24 கேஜ் ஒயர் (கேஜ் எண் ஏற ஏற ஒயர் மெலியும்). எது ஓடுகிறது என்று கேட்கிறவருக்குச் சொல்ல மாட்டார்கள். அருவி கொட்டுகிற மாதிரியான இரைச்சலை ஓடவிட்டபோது, 24 கேஜைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இசையை ஓடவிட்டபோது மான்ஸ்டருக்கும் 16 கேஜுக்கும் வித்தியாசம்? ம்ஹூம்.

இரண்டு முடிவுக்கும் காரணம் ஒன்றேதான்: மின்தடை. ஒயர் மெலிந்தால் தடை கூடும். நம் வீட்டு ப்ளக் பாயின்டுக்கு வருகிற 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மீட்டர் தூரம், போக வர ஆறு மீட்டர். தடை சுமார் 0.04 ஓம். ஸ்பீக்கரின் தடை 8 ஓம். அரை சதவிகிதம்! இதைக் காது கண்டுபிடிக்காது. அதையே 24 கேஜில் 30 அடிக்கு இழுத்தால் ஒன்றரை ஓம் ஆகிவிடும். சத்தம் நிஜமாகவே குறையும். ஆக, நோயல் லீ சொன்னதில் பாதி உண்மை. தடிமன் முக்கியம்தான். ஆனால் தடிமனுக்குச் சில ரூபாய் போதும், லட்சங்கள் வேண்டாம்.

ஒயர் சிக்னலைக் கெடுக்கும் என்பதும் பொய்யில்லை. 1858ல் அட்லான்டிக் கடலடி கேபிளில் விக்டோரியா மகாராணி அனுப்பிய 98 வார்த்தைச் செய்தி போய்ச்சேரப் பதினாறு மணி நேரம் ஆனது. ஆனால் அது மூவாயிரம் கிலோமீட்டர் கேபிள். உங்கள் ஹாலின் நீளம் என்ன?

அப்படியானால் 'எனக்கு வித்தியாசம் கேட்கிறதே' என்கிறவர் புளுகுகிறாரா? சத்தியமாக இல்லை. 1994ல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஹார்மன் நிறுவன ஊழியர்கள் 40 பேரிடம் ஸ்பீக்கர்களுக்கு மார்க் போடச் சொன்னார்கள். பார்த்துக்கொண்டே கேட்டபோது பெரிய, கம்பீரமான ஸ்பீக்கர்களுக்கு மார்க்கை அள்ளிக் கொடுத்தார்கள். விலை குறைந்த குட்டி பிளாஸ்டிக் ஸ்பீக்கருக்குக் கிள்ளிக் கொடுத்தார்கள். திரையைப் போட்டு மறைத்ததும் அந்தக் குட்டியின் மார்க் ஏறிவிட்டது. இத்தனைக்கும் எல்லோரும் அதே தொழிலில் இருக்கிறவர்கள். கேட்கிற வேலையைக் காது மட்டும் செய்வதில்லை. கண்ணும் செய்கிறது, பர்ஸும் செய்கிறது. மூளை எல்லாவற்றையும் கலந்து, 'கேட்டேன்' என்று ஒரே கையெழுத்தாகப் போட்டுவிடுகிறது.

இப்போது அந்தப் பத்து லட்சம் டாலர். 'ஸ்டீரியோஃபைல்' பத்திரிகையின் விமர்சகர் மைக்கேல் ஃப்ரெமர், 'நான் ரெடி' என்றார். பியர் நிறுவனமோ இந்தச் சவாலே ஏமாற்று என்று சொல்லிக் கேபிள் தராமல் விலகிக்கொண்டது. என் சொந்தக் கேபிளை வைத்துச் சோதிக்கலாம் என்றார் ஃப்ரெமர். விதிமுறை பற்றி ராண்டி தரப்போடு வாக்குவாதம் வளர்ந்தது. கடைசியில் சோதனை நடக்கவே இல்லை. 2015ல் அந்தச் சவாலும் முடித்துக்கொள்ளப்பட்டது. 2020ல் ராண்டி காலமானார். பரிசு யாருக்கும் போகவில்லை.

இன்னொரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? 1979ல் 'இவ்வளவு விலையா!' என்று வாயைப் பிளக்கவைத்த மான்ஸ்டர், 2007 போட்டியில் நின்றது 'சாதா ஒயர்' என்ற இடத்தில். விலை ஏற ஏற நேற்றைய அதிசயம் இன்றைய சாதாவாகிவிடுகிறது.

ஆகவே, கடைக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்டால் கோபப்படாதீர்கள். இரண்டு ஒயரையும் மாட்டச் சொல்லுங்கள். திரும்பி உட்கார்ந்துகொள்ளுங்கள். எது ஓடுகிறது என்று உங்களுக்குச் சொல்லாமல், பத்து முறை மாற்றச் சொல்லுங்கள். பத்தில் ஒன்பது சரியாகச் சொல்லிவிட்டால் தாராளமாக வாங்குங்கள். ஐந்தாறுதான் தேறியதா? காசைச் சுண்டிப்போட்டே அத்தனை வாங்கலாம். மிச்சமாகிற பணத்தில் நல்ல ஸ்பீக்கராக வாங்குங்கள். அதில் நிஜமாகவே வித்தியாசம் கேட்கும், கண்ணைக் கட்டினாலும்.