பேட்டரியிலிருந்து ஏழு அங்குலம்

என் வயதுக்காரர்களுக்கு வீட்டு வாசலில் இருந்த வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டை மறந்திருக்காது. விளக்கு அணைந்தால் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கட்டையைப் பிடுங்கி, கருகிய கம்பியை எடுத்துவிட்டு வேறு கம்பி சுற்றுவோம். கரண்ட் பில் கட்டத் தவறினால் ஆள் வந்து பிடுங்கிக்கொண்டு போவதும் அந்தக் கட்டையைத்தான். பள்ளிப் புத்தகத்தில் அதற்கு ‘மின் உருகி’ என்று பெயர். அருமையான சொல். உருகுவதுதான் அதன் வேலை. ஆனால் யாரும் அப்படிச் சொன்னதில்லை. இன்றைக்கும் ‘பீஸ் போயிடுச்சு’தான்.

நான் தூத்துக்குடியில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் விசைப்படகுகளுக்கு வயரிங் செய்தவன். ஃபியூஸின் கதையைப் பிற்பாடுதான் தேடிப் படித்தேன். தொழிலுக்கு வந்த புதிதில் படித்திருக்க வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஃபியூஸ் முதலில் வீட்டு விளக்குக்காக வந்ததல்ல, இடிக்காக வந்தது. தந்திக் கம்பியில் மின்னல் இறங்கி அலுவலகத்துக் கருவிகளைக் கருக்கிக்கொண்டிருந்த காலம். பாரிஸில் பேர்பெற்ற கடிகாரக் குடும்பத்துப் பிள்ளையான லூயி பிரெகே 1847-இல் ஒரு யோசனை சொன்னார். கட்டடத்துக்குள் நுழையும் முன் தந்திக் கம்பியில் கொஞ்ச தூரம் மெல்லிய கம்பியாக வைத்துவிடுங்கள், மின்னல் வந்தால் அது உருகி அறுந்துபோகும், உள்ளே இருப்பது பிழைக்கும் என்றார். எங்கோ ஒரு இடம் அறுந்தே ஆகவேண்டும் என்றால், அது எந்த இடம் என்பதை நாமே முடிவு செய்துவிடுவது. இன்று விற்கும் எந்த ஃபியூஸிலும் இதற்கு மேல் வேறு தத்துவம் கிடையாது.

விளக்குக்கும் கப்பலுக்கும் தொடர்பு வந்தது 1880-இல். எடிசனின் குண்டு பல்பு அவருடைய மென்லோ பார்க் வளாகத்தை விட்டு வெளியே முதலில் போனது ஒரு வீட்டுக்கோ தெருவுக்கோ அல்ல, கொலம்பியா என்ற நீராவிக் கப்பலுக்கு. கப்பலைக் கட்டிய ஜான் ரோச் தீப்பிடித்துவிடும் என்று பயந்து, அந்த வேலையைத் தன் தளத்தில் செய்ய மறுத்துவிட்டார். நியூயார்க்குக்குக் கொண்டுபோய் எடிசனின் ஆட்களே மாட்டினார்கள். கப்பல் தென்னமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு பசிபிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது, விளக்குகளும் ஒழுங்காக எரிந்தன. 1907-இல் அது மூழ்கியது இன்னொரு கப்பலோடு மோதியதால், ரோச் பயந்த தீயால் அல்ல. ஆனாலும் அவர் பயத்தை நான் பரிகசிக்க மாட்டேன். கரையில் தீ என்றால் ஓடலாம். நடுக்கடலில் எங்கே ஓடுவது?

எடிசன் ஃபியூஸுக்குக் காப்புரிமை வாங்கியது 1890-இல். அதற்குள் இங்கிலாந்துத் தபால் துறையின் மின் பொறியாளர் வில்லியம் பிரீஸ், எந்தக் கம்பி எத்தனை ஆம்பியரில் உருகும் என்று உருக்கி உருக்கி அளந்துவிட்டிருந்தார். பிற்பாடு மார்க்கோனிக்குக் கைகொடுத்தாரே, அதே மனிதர்தான். அவருடைய கணக்கின்படி 1 மில்லிமீட்டர் செம்புக் கம்பி சுமார் 80 ஆம்பியரில் உருகும். அரை மில்லிமீட்டர் என்றால் 28, 0.3 மில்லிமீட்டர் என்றால் 13. பீஸ் கம்பிக்கு நாம் நம்பர் சொல்லிக் கடையில் வாங்கியதெல்லாம் இந்த வகைக் கணக்கின் பேரப்பிள்ளைகள்தான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 1983 என்று நினைவு. ஒரு மரப் படகு. 12 வோல்ட் பேட்டரி. அணியத்து விளக்குக்குப் போகிற லைனில் 10 ஆம்பியர் ஃபியூஸ். போட்டால் போய்விடும், போட்டால் போய்விடும். கையிலிருந்த மூன்றும் தீர்ந்துவிட்டன. நேரம் ராத்திரி பதினொன்று, கடை எதுவும் இல்லை. சம்மாட்டி பக்கத்தில் நின்றுகொண்டு, “தம்பி, விடியக்காலம் கடலுக்குப் போணும். ஐஸ் ஏத்தியாச்சு. எதையாவது வச்சு விட்டுரு” என்றார். நான் ஒரு துண்டு வயரை உரித்து, ஆறு இழையை ஒன்றாக முறுக்கி, ஃபியூஸ் இருந்த இடத்தில் கட்டிவிட்டேன். விளக்கு எரிந்தது. சம்மாட்டி காசு கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் அந்தப் படகை இன்னொரு படகு கட்டி இழுத்து வந்தது. இன்ஜின் ரூமில் வயர்க் கட்டு முழுதும் எரிந்து, மேல் பலகை கரியாகக் கிடந்தது. புகையைப் பார்த்ததும் ஒரு சின்னப் பையன் உள்ளே இறங்கி, தகதகவென்று காய்ந்துகொண்டிருந்த வயரைக் கையால் பிடித்து இழுத்திருக்கிறான். வலது உள்ளங்கை வெந்து, ரப்பர் உறை தோலோடு ஒட்டிப்போனது. அதன் பிறகுதான் டிரைவர் பேட்டரி கிளாம்பைக் கழற்றியிருக்கிறார்.

காரணத்தைப் பிறகு பார்த்தேன். சைலன்சரைப் பிடித்திருந்த ஒரு போல்ட்டில் வயர் உரசி உரசி, உறை தேய்ந்து, ஆட்டத்தில் தொட்டும் தொடாமலும் இருந்திருக்கிறது. மூன்று ஃபியூஸும் என்னிடம் அதைத்தான் சொல்லியிருக்கின்றன. பிரீஸின் கணக்கைப் படித்த அன்று பேப்பரில் போட்டுப் பார்த்தேன். ஓர் இழை 13 ஆம்பியர் என்றால் ஆறு இழை கிட்டத்தட்ட 80. அந்த லைனின் வயரோ 1.5 சதுர மில்லிமீட்டர். அதில் 50 ஆம்பியர் போனால் செம்புக்கு ஒன்றும் ஆகாது, மேல் உறைதான் உருகிப் பற்றும். நான் கட்டியது ஃபியூஸே அல்ல. அந்தச் சுற்றில் முதலில் உருக வேண்டிய இடமாக வயரையே ஆக்கி வைத்திருக்கிறேன்.

இதனால்தான் யார் கேட்டாலும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஃபியூஸ் விளக்கைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. நான்கு 21 வாட் பல்பு என்றால் 84 வாட், 12-ஆல் வகுத்தால் 7 ஆம்பியர். அதோடு கால் பங்கு சேர்த்தால் 8.75, ஆக 10 ஆம்பியர் ஃபியூஸ். வயர் அந்தப் பத்தைத் தாராளமாகத் தாங்க வேண்டும். இன்ஜின் சூட்டுக்குள் போவதால் நான் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறைத்துப் போடுவதில்லை. அந்த வயரில் 15-க்கு மேல் ஃபியூஸ் வைப்பதும் இல்லை. முடிந்தால் ஈயம் பூசிய செம்பு வயர். சாதா வயர் ஒரே வருடத்தில் உப்புக் காற்றில் பச்சைக் களிம்பு ஏறி, உரித்தால் மாவாகக் கொட்டும்.

இதில் இன்னொரு குழப்பமும் இருந்தது. அந்தக் காலத்து லூகாஸ் கண்ணாடிக் குழாய் ஃபியூஸில் 35 என்று போட்டிருந்தால், 35-இல் போய்விடும் என்று அர்த்தம். தொடர்ந்து தாங்குவது 17தான். அமெரிக்க வகையில் எழுதியிருப்பதோ தாங்கும் அளவு. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, ஒரே டப்பாவில் கிடக்கும். 1976-இல் லிட்டில்ஃபியூஸ் கம்பெனி பிளேடு ஃபியூஸைக் கொண்டுவந்த பின் இந்தத் தொல்லை குறைந்தது. பத்து சிவப்பு, பதினைந்து நீலம், இருபது மஞ்சள், முப்பது பச்சை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் நிறம் பார்த்து மாற்றலாம். எங்கள் பக்கம் அது வந்து சேர வெகு நாள் ஆயிற்று.

அளவு சரியாக இருந்தாலும் இடம் தப்பினால் பயன் இல்லை. நாங்களெல்லாம் சுக்கான் பக்கத்துப் பலகையில் அழகாக வரிசையாக ஃபியூஸ் வைப்போம். பேட்டரியிலிருந்து அந்தப் பலகை வரை வரும் பத்தடி வயருக்கு யார் காவல்? பேட்டரி என்பது சாதாரண ஆள் இல்லை. நேரே தொட்டுக்கொண்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் தள்ளும். அமெரிக்கப் படகுக் குழுமமான ஏபிஒய்சி-யின் விதி, ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. முனையிலிருந்து நேரே வரும் வயர் உறைக் குழாய்க்குள் வந்தால் 72 அங்குலம் வரை விடலாம். ஸ்டார்ட்டர் கேபிளுக்கு மட்டும் விலக்கு. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும் என்பதால், திறந்த ஃபியூஸ் கம்பியைப் பேட்டரிப் பெட்டிக்கு உள்ளே வைக்கவே கூடாது. பொறி பட்டால் போதும். பெட்டிக்கு வெளியே, ஆனால் பக்கத்தில், மூடிய ஹோல்டரில் வைப்பேன்.

இப்போது லித்தியம் பேட்டரி வந்துவிட்டது. அது தள்ளும் வேகத்தில் சாதா ஃபியூஸ் உருகினாலும், இடைவெளியில் நெருப்புப் பாலம் போட்டு மின்சாரம் தொடர்ந்து ஓடலாம். அதற்கென்று 20,000 ஆம்பியர் வரை அறுத்துத் தரும் கிளாஸ் டி என்ற வகை இருக்கிறது. விலையைக் கேட்டால் மனசு வலிக்கும்.

சென்ற வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில், மே மாதம், ஒருவர் வீட்டுக்கு வந்தார். மகனுக்கு ஃபைபர் படகு எடுத்திருக்கிறார், வயரிங் எப்படிப் போடுவது என்று நான் எழுதித் தர வேண்டுமாம். காப்பி டம்ளரை வாங்கியபோதுதான் கையைப் பார்த்தேன். விரல்கள் முழுதாக விரியவில்லை. நாற்பது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அன்று சொல்லிவிட்டேன். முறுக்கியது, காசு வாங்கியது, எல்லாம். அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“தெரியும் அண்ணாச்சி. அன்னைக்கு உங்களுக்கு டார்ச் அடிச்சது நாந்தான.”

எனக்கு நினைவே இல்லை. பின்னால் ஒரு பையன் நின்றானா என்று இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன், முகம் வரவில்லை. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பேட்டரியிலிருந்து பலகை வரைக்கும் எத்தனை மீட்டர் வயர் வாங்கணும் என்று கேட்டார்.