சத்தி வராத பதினொரு பேர்

யன்னல் சீற்றும் கையில ஒரு தேசிக்காயும் இல்லாட்டி எனக்குத் தூரப் பஸ் பயணம் சரிவராது. முகம் வெளிறி, குளிர் வேர்வை வந்து, நெஞ்சு படபடக்கும். பிறகு சத்திதான். கனகாலமா இது வயிற்றுப் பிரச்சினை எண்டே நினைச்சிருந்தன்.

உண்மையில் தொடக்கம் உட்காதில். அங்குள்ள சமநிலை உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது. முன் சீற்றின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் 'இல்லை' என்கிறது. இந்தக் குழப்பம் போய்ச்சேரும் மூளைத்தண்டில்தான் இதயத்துடிப்பையும் குமட்டலையும் ஆளும் நரம்பு மையங்களும் இருக்கின்றன.

இதற்குச் சாட்சியாக நின்றவர்கள் காது கேளாதவர்கள். 1882இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், காது கேளாத 519 பேரைச் சுழற்றிப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். 186 பேருக்குத் தலைச்சுற்று துளியும் வரவில்லை. ஹார்வர்டில் சோதித்த ஏறக்குறைய 200 பேரில் தப்பியது ஒரேயொருவர்!

பிறகு விண்வெளிக் காலம் வந்தது. எடையில்லாத இடத்தில் மனித உடம்பு என்ன பாடுபடும் எண்டு ஒருவருக்கும் தெரியாது. (1961இல் சோவியத் வீரர் தித்தோவ்தான் விண்வெளியில் முதலில் குமட்டலுக்கு ஆளானவர்.) 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் அஷ்டன் கிரேபியலின் குழு, காது கேளாதோருக்கான காலடெட் கல்லூரியிலிருந்து பதினொரு ஆண்களைச் சேர்த்தது. அவர்களில் பத்துப் பேருக்குச் சிறுவயது மூளைக்காய்ச்சலில் கேள்வியோடு உட்காதின் சமநிலை உறுப்பும் போயிருந்தது. நாலு பேர் சுழலும் அறையொன்றுக்குள் தொடர்ந்து 12 நாள் வாழ்ந்தார்கள். நோவா ஸ்கோஷியாக் கடலில் ஒருமுறை, கொந்தளிப்புக்குள் படகுச் சோதனை. இவர்கள் ஆறுதலா இருந்து காட்ஸ் விளையாடினார்கள். சோதிக்க வந்த ஆய்வாளர்களுக்குத்தான் தாங்க முடியாத சுகயீனம். சோதனையையே கைவிட வேண்டியதாப் போச்சு.

எனக்கு இதில் பிடிபடாதது ஒண்டுதான். ஆய்வுக் கட்டுரைகள் இவர்களை 'உட்காது பழுதானவர்கள்' என்றே எழுதின. அந்தப் படகில ஆர் பழுது? பல வருடங்களாக உடம்பைக் கொடுத்தவர்களில் ஒருவரும் விண்வெளிக்குப் போகவில்லை. 2017இல்தான் காலடெட் அருங்காட்சியகம் அவர்களுக்கென்று ஒரு கண்காட்சி வைத்தது.