மீதியின்றிப் பங்கிடும் கணக்கு

1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று, அதுவரை சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த திருத்தணி தாலுகாவும் பள்ளிப்பட்டு உப தாலுகாவும் சென்னை ராஜ்யத்தோடு இணைந்தன என்பதும், அதற்கு முன்பு ம.பொ.சி. முதலியோர் நடத்திய வடவெல்லைக் கிளர்ச்சியும், எல்லைப் பிரச்சினையில் படாஸ்கர் அளித்த தீர்ப்பும் சரித்திரத்தில் இடம்பெற்றுவிட்டன. ஆனால் அதே காலத்தில் பள்ளிப்பட்டுச் சிறுவனின் சிலேட்டில் நிகழ்ந்த மாறுதலைப் பற்றி நாம் அதிகமாகப் பேசுவதில்லை. அவனுடைய ராஜ்யம் மாறுவதற்குச் சரியாக மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1957 ஏப்ரல் முதல் தேதியன்று, பதினாறு அணாவாக இருந்த ரூபாய் நூறு நயா பைசாவாயிற்று. 1958 அக்டோபர் தொடங்கிப் படியும் வீசையும் பலமும் படிப்படியாக விலக, லிட்டரும் கிலோகிராமும் கடைத்தெருவில் குடியேறின. காரணி, மடங்கு, வகுபடும் தன்மை என்று இன்று ஆறாம் வகுப்பில் நாம் பயிற்றுவிக்கும் பாடம், பிழைப்புக்கு வேண்டிய வித்தையாக இருந்த நிலை மாறி வெறும் அப்பியாசமாக ஆகத் தொடங்கியது அப்போதுதான் என்பது என் கட்சி.

அது பிழைப்புக்கு வேண்டிய வித்தையாக இருந்த காலத்தைக் காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். தாமஸ் மன்றோ சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்தபோது 1822இல் கட்டளையிட்டு எடுப்பித்த கணக்கின்படி, ராஜதானி முழுவதிலும் 12,498 பள்ளிகள் இருந்தன. தமிழ் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் மாணாக்கன் மணலில் விரலால் எழுதிப் பழகி, பின்னர் ஓலைக்கு ஏறி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று முறையாக மனனம் செய்து, சாயங்காலத்தில் சட்டாம்பிள்ளையின் முன்னிலையில் ஒப்பித்துவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும். அந்தப் பள்ளிகளைப் பொற்காலமென்று கொண்டாடுவதில் எனக்குச் சம்மதமில்லை. பிரம்பும் கோதண்டம் என்ற தண்டனையும் அங்கே தாராளமாகப் புழங்கின, பெண் குழந்தைகள் மிகச் சிலரே படித்தனர், தாழ்த்தப்பட்டோருக்குத் திண்ணையில் பெரும்பாலும் இடமில்லை. ஆயினும் அங்கே கற்பித்த எண்கள் யோசனையில்லாமல் அமைந்தவையல்ல.

பொன்னிலக்கம் தொடங்குவது முந்திரியிலிருந்து. ஒன்றை முந்நூற்றிருபது கூறாக்கினால் ஒரு கூறு முந்திரி. நம் முன்னோர் ஒன்றை இரு வழியாகப் பகுத்தார்கள்: பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் கால், அரைக்கால், வீசம், கால்வீசம் என்று அறுபத்து நான்கில் ஒன்றுவரை செல்லும், மா, அரைமா, காணி என்று இருபதின் வழியே இறங்கினால் எண்பதில் ஒன்றுக்கு வரும். இவ்விரு வழிகளிலும் வரும் பின்னங்கள் யாவற்றையும் முழு எண்ணாகச் சொல்ல வல்ல மிகச் சிறிய எண் எதுவெனில், 64க்கும் 80க்கும் மீச்சிறு பொது மடங்காகிய 320தான்! இதைத் தெரிந்து வைத்தார்களோ, வழக்கில் தானே அமைந்ததோ, எப்படியாயினும் அந்தச் சிறுவன் மீ.சி.ம. என்ற பெயரைக் கேட்காமலே அதன் பலனை நாள்தோறும் அனுபவித்தான்.

தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் பேசப்படும் பள்ளிப்பட்டு வட்டாரத்துக்குப் பொது மடங்கின் மேல் இன்னொரு பாத்தியதையும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் மகாவீராசாரியர் சம்ஸ்கிருதத்தில் இயற்றிய ‘கணித சார சங்கிரகம்’ பின்னங்களைக் கூட்டுவதற்காகப் பகுதிகளின் பொது மடங்கைக் காணும் விதியை விளக்குகிறது. அந்நூலைப் பதினோராம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் தெலுங்கில் ஆக்கினார். மூலத்தை ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1912இல் சென்னையில் பதிப்பித்தார்.

முந்திரிக் கணக்கின் 320இல் மூன்று அடங்காது. அந்தக் குறையை நெல்லிலக்கம் தீர்த்தது. வாய்பாட்டின்படி எட்டுப் படி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். ஆகவே ஒரு கலத்தை மூவர் பங்கிட்டால் ஆளுக்கு நான்கு குறுணி, அதாவது ஒரு தூணி, குறையில்லை. ஏழு பேர் வந்துவிட்டாலோ சங்கடம். கலத்துக்கு 96 படி. ஆளுக்குப் பதின்மூன்று படி போக ஐந்து படி மிஞ்சும். அதை ஆழாக்காக்கினால் நாற்பது. ஆளுக்கு ஐந்து போக மறுபடியும் ஐந்து. அவற்றைச் செவிடாக்கினால் இருபத்தைந்து. ஆளுக்கு மூன்று போக நான்கு. செவிடு ஒன்றுக்கு 360 நெல் என்று அதையும் எண்ணிப் பங்கிட்டால், ஆளுக்கு 205 நெல் போக ஐந்து நெல் தரையில் கிடக்கும். ஏழு என்பது எவ்வளவு பிடிவாதமான எண் என்பதை இதைவிடத் தெளிவாகக் கரும்பலகையில் காட்ட இயலுமா?

நயா பைசா வந்தபோது நேர்ந்ததும் இந்த மீதி விவகாரமே. பழைய ரூபாய்க்கு ‘பை’ என்னும் சில்லறைக் காசுகள் 192. அதை மூன்றாலும் பதினாறாலும் மீதியின்றிப் பகுக்கலாம். நூற்றை இவ்விரு எண்களுமே வகுக்கா. ஆகவே ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா என்று வர, கால் பைசாவுக்கு நாணயமில்லாமையால் ஆறு என்று சர்க்கார் அட்டவணை போட்டது. ஓரணாச் சாமானைப் பதினாறு தடவை வாங்கினால் 96 பைசா, பதினாறணாச் சாமானை ஒரே தடவை வாங்கினால் நூறு. அணாக்கணக்கில் பழகிய கைக்கு இது விசித்திரமாகத்தான் பட்டிருக்கும். தசாம்ச முறை கணக்கை எளிதாக்கியது என்பதில் ஐயமில்லை. ஆனால் மீதியைப் புள்ளிக்கு வலப்புறம் தள்ளிவிட்டு மறந்துபோகும் சௌகரியத்தையும் அதுவே அளித்தது.

எனினும் பழைய எண்ணொன்று இப்பக்கத்தில் இன்னும் உயிரோடிருக்கிறது. பள்ளிப்பட்டையும் பொதட்டூர்பேட்டையையும் சுற்றியுள்ள நெசவாளர் வீடுகளில் நூலுக்கு நம்பர் சொல்லும்போது, ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை என்பதே அந்த நம்பரின் பொருள். நாற்பதாம் நம்பர் என்றால் நாற்பது சிட்டம். ஒன்றரை கஜச் சுற்றளவில் எண்பது சுற்று 120 கஜம். அப்படி ஏழு சேர்ந்தால் 840. இது ஆங்கிலேய ஆலைகள் கொண்டுவந்த கணக்கு. ஒன்று முதல் எட்டுவரை எல்லா எண்களாலும் வகுபடும் எண்களுள் மிகச் சிறியது 840. இதன் காரணிகள் 32. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லாத எண்களைப் பற்றித்தான், கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் 1915இல் லண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் நீண்ட கட்டுரை எழுதினார். 840 அந்த வரிசையைச் சேர்ந்தது.

திருத்தணி மலைக்கு 365 படிகள் என்பதை இவ்வட்டாரத்துக் குழந்தைகள் யாவரும் அறிவர். ஒன்றும் அதே எண்ணும் நீங்கலாக, அதை ஐந்தும் எழுபத்து மூன்றும் தவிர வேறெதுவும் மீதியின்றிப் பகுக்காது. ஏழால் வகுத்தால் ஒன்று மிஞ்சும். 365 நாள் கொண்ட ஆண்டில் பிறந்த நாள் ஒரு கிழமை நகர்வது அதனால்தான்.

ஆதலால் பள்ளிப்பட்டு வட்டாரத்து ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பாடநூலில் உள்ள எண்களைத் தொடுவதற்கு முன், 840ஐயும் 365ஐயும் கரும்பலகையில் எழுதி, எவ்வெண்கள் எதை வகுக்கும் என்று பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள், நெசவு வீட்டுப் பிள்ளைகளை, நூல் நம்பரின் கணக்கைத் தகப்பனாரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்.