பௌர்ணமி வெள்ளிக்கிழமையும் சுரங்கத் தொழிலாளர்களும்

டிசம்பர் 31 இரவு தமிழ்நாட்டில் எந்த ஊர்த் தேவாலயத்துக்குப் போனாலும் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். பன்னிரண்டு மணி அடிக்கும்போது ஜெபத்தில் இருக்க வேண்டும் என்று வருடம் முழுவதும் கோயில் பக்கம் தலைகாட்டாதவர்கள்கூட வந்துவிடுவார்கள். இந்த 'வாட்ச் நைட்' ஆராதனை எங்கிருந்து வந்தது? இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேர்கள் உண்டு. மொராவிய சபையாரும் ஆண்டிறுதி இரவை விழித்திருந்து ஜெபித்தவர்கள்தான். ஆனால் மெதடிஸ்ட் வேரைத் தேடிப் போனால் அது முடிவது இங்கிலாந்தில், பிரிஸ்டல் நகரத்தை ஒட்டிய கிங்ஸ்வுட் என்ற நிலக்கரிச் சுரங்கப் பகுதியில்.

கிங்ஸ்வுட் சுரங்கத் தொழிலாளர்களுக்கு அந்தக் காலத்தில் நல்ல பெயர் கிடையாது. குடி, அடிதடி, கலகம் என்றுதான் சுற்று வட்டாரத்தில் பேச்சு. 1739 பிப்ரவரியில் ஜார்ஜ் விட்ஃபீல்ட் அங்கே திறந்த வெளியில் நின்று பிரசங்கம் செய்தார். ஏப்ரலில் அவரைப் பின்பற்றி ஜான் வெஸ்லியும் பிரிஸ்டலில் வெட்டவெளிக்கு வந்தார். வெஸ்லிக்கு இது சாதாரண விஷயம் அல்ல. ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், ஆங்கிலிக்கன் குருவானவர், ஒழுங்கு முறையில் ரொம்பவே கறாரானவர். கோயில் கட்டிடத்துக்கு வெளியே ஆத்துமாக்களை இரட்சிப்பதே ஏறக்குறைய பாவம் என்று நினைத்திருந்ததாக அவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்!

இப்படிப்பட்டவரிடம்தான் கொஞ்ச காலம் கழித்து ஒரு புகார் வந்தது. கிங்ஸ்வுட்டில் உள்ள பள்ளிக்கூடத்தில் சபையார் சிலர் கூடி, இரவின் பெரும் பகுதியை ஜெபத்திலும் பாட்டிலும் கழிக்கிறார்களாம். முன்பு சனிக்கிழமை இரவைச் சாராயக் கடையில் கழித்தவர்கள் இப்போது அந்த நேரத்தை இப்படி மாற்றிக்கொண்டார்கள் என்று பிற்கால மெதடிஸ்ட் வரலாறுகள் சொல்கின்றன. எந்தக் குருவானவரும் ஏற்பாடு செய்து கொடுக்கவில்லை, எந்த ஜெபப் புத்தகத்திலும் இதற்கு முறைமை இல்லை. இதை உடனே நிறுத்திவிடுங்கள் என்று சிலர் வெஸ்லிக்கு ஆலோசனை சொன்னார்கள்.

வெஸ்லி நிறுத்தவில்லை. ஆதித் திருச்சபையார் இரவு விழித்திருந்து ஜெபித்ததோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தார். தடுக்கக் காரணம் எதுவும் தென்படவில்லை. நானும் உங்களோடு விழித்திருக்க வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். நாள் குறித்த விதம்தான் அழகு: பௌர்ணமியை ஒட்டி வரும் வெள்ளிக்கிழமை. தெருவிளக்கு இல்லாத ஊரில் தூரத்தில் இருந்து நடந்து வருகிறவர்கள் போகவும் வரவும் வெளிச்சம் வேண்டுமே! வழிபாட்டு ஒழுங்கைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்களில் எத்தனை பேர், ஜனங்கள் எப்படி வீடு போய்ச் சேர்வார்கள் என்று யோசித்திருப்பார்கள்? எட்டு மணிக்கு மேல் தொடங்கி நள்ளிரவு தாண்டும் வரை பிரசங்கம், பாட்டு, ஜெபம். 1742 ஏப்ரல் 9 அன்று லண்டனிலும் முதல் விழிப்பு இரவு நடந்தது. பிறகு பிரிஸ்டல், நியூகாசில் என்று மாதா மாதம் வழக்கமாகிவிட்டது.

நள்ளிரவில் கூட்டம் கூட்டுகிறார் என்று எதிரிகள் ஏசாமல் இல்லை. உங்கள் ஜெபப் புத்தகத்திலேயே 'விழிப்பு' என்ற வார்த்தை இருக்கிறதே, பார்த்ததில்லையா என்று வெஸ்லி திருப்பிக் கேட்டார்.

இதே காலத்தில் வேறு பல மாற்றங்களும் நடந்தன. மொராவியரிடம் இருந்து அன்பின் விருந்து வந்தது; ரொட்டியும் தண்ணீரும் பகிர்ந்து கொண்டு சாதாரண ஜனங்களே எழுந்து சாட்சி சொல்லும் கூட்டம் அது. தம்பி சார்லஸ் வெஸ்லியின் பாடல்களுக்கு நாடக மேடை இசையமைப்பாளரான லாம்ப் என்ற ஜெர்மானியர் 1746-ல் 24 மெட்டுகள் அமைத்தார். 1755 ஆகஸ்ட் 11 அன்று லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் சுமார் 1800 பேர் எழுந்து நின்று உடன்படிக்கை செய்தார்கள். உடன்படிக்கை ஆராதனை பிற்பாடு புத்தாண்டோடு சேர்ந்துகொண்டது. விழிப்பு இரவும் மெல்ல மெல்ல மாதாந்திர வழக்கம் விட்டு டிசம்பர் 31-க்கு நகர்ந்தது.

ஆனால் சபை எப்போதும் இப்படிப் பெருந்தன்மையாக இருக்கவில்லை. வெஸ்லி இறந்தது 1791-ல். 1807 மே 31 அன்று மோ காப் என்ற மலையில் ஹியூ போர்ன் என்ற தச்சரும் அவர் கூட்டாளிகளும் நாள் முழுவதும் திறந்த வெளி ஜெபக்கூட்டம் நடத்தினார்கள். அமெரிக்காவில் நடக்கும் முகாம் கூட்டங்களைக் கேள்விப்பட்டு அவர்கள் செய்த ஏற்பாடு அது. அந்த ஆண்டின் மெதடிஸ்ட் மாநாடு, அமெரிக்காவுக்கு அது சரியாக இருந்தாலும் இங்கிலாந்துக்குப் பொருந்தாது என்று தீர்மானித்துவிட்டது. 1808-ல் போர்ன் சபையை விட்டு விலக்கப்பட்டார். வேடிக்கை என்னவென்றால், எழுபது வருடத்துக்கு முன் வெட்டவெளியில் பிறந்த சபைதான் இதைச் செய்தது! விலக்கப்பட்டவர்கள் சேர்ந்து உருவாக்கியதுதான் ஆதி மெதடிஸ்ட் சபை. அந்தப் பிளவு சேர 1932 வரை ஆனது.

விழிப்பு இரவோ அதற்குள் கடல் தாண்டியிருந்தது. 1862 டிசம்பர் 31 இரவு அமெரிக்காவில் கறுப்பின மக்கள் தேவாலயங்களிலும் கூடங்களிலும் கூடி விடியலுக்காகக் காத்திருந்தார்கள். லிங்கனின் விடுதலைப் பிரகடனம் அமலுக்கு வருவது மறுநாள், 1863 ஜனவரி 1. ஆப்பிரிக்க மெதடிஸ்ட் சபைகளில் அந்த இரவை இன்றும் 'விடுதலையின் முன்னிரவு' என்று சொல்லி அனுசரிக்கிறார்கள்.

தமிழர்களிடம் வெஸ்லியன் மிஷனரிகள் முதலில் வந்தது யாழ்ப்பாணத்துக்கு, 1814-ல். தமிழ்நாட்டில் அவர்கள் கட்டிய சபைகள் 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. டிசம்பர் 31 எந்தக் கிழமையில் வந்தாலும் இப்போது ஆராதனை உண்டு. பௌர்ணமியா என்று யாரும் காலண்டரைப் புரட்டிப் பார்ப்பதில்லை.