திரைக்குப் பின்னால் ஒரு பொந்து

வகுப்பறைச் சுவரில் இருக்கும் பெரிய தொடுதிரையைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை அதன் பின்பக்கத்தையோ விளிம்பையோ எட்டிப் பாருங்கள். பல திரைகளில் ஒரு செவ்வகப் பொந்து இருக்கும். அதில் செருகியிருக்கும் உலோகப் பெட்டியின் திருகுகளைக் கழற்றி இழுத்தால், ஒரு முழுக் கணினி கையோடு வந்துவிடும். இதுக்குப் பெயர் ஓபிஎஸ்.

கதை கொஞ்சம் பழசு. 1991இல் கனடாவைச் சேர்ந்த ஸ்மார்ட் நிறுவனம் தன் முதல் ஸ்மார்ட் போர்டை வெளியிட்டது. அப்போது பலகை தனி, கணினி தனி, நடுவில் கேபிள்கள். பார்க்க அழகில்லை. ஆனால் ஒரு வசதி இருந்தது: கணினி கிழடானால் அதை மட்டும் மாற்றலாம், பலகை அப்படியே இருக்கும்.

பிறகு கணினியைத் திரைக்குள்ளேயே வைத்தார்கள். கேபிள் போச்சு, கூடவே அந்த வசதியும் போச்சு. நல்ல கண்ணாடிக்குள் செத்த மூளை என்றால் என்ன செய்வது?

இதற்கான விடை பள்ளியிலிருந்து வரவில்லை. கடைகளிலும் விமான நிலையங்களிலும் தொங்கும் விளம்பரத் திரைகளிலிருந்து வந்தது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு அளவில் பெட்டி இருந்ததால், ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றில் பொருந்தாது. 2010இல் இன்டெல் ஒரு பொது அளவை அறிவித்தது: 180 மி.மீ. நீளம், 119 அகலம், 30 தடிமன். பின்னால் 80 ஊசிகள் கொண்ட ஒரே இணைப்பி. மின்சாரம், படம், ஒலி, யூஎஸ்பி எல்லாமே அதன் வழியாகத்தான். செருகினால் போதும், தனியாக வயர் வேண்டாம்.

அதே இன்டெல் 2017இல் இதைவிட அழகான ஒன்றைக் காட்டியது. 5 மி.மீ. தடிமன், கிரெடிட் கார்டு போல நீள அகலம். பெயர் கம்ப்யூட் கார்டு. 2019இல் அதைக் கைவிட்டுவிட்டது. அந்த அட்டையைச் செய்தது இன்டெல் மட்டும். ஓபிஎஸ் பெட்டியையோ பலரும் செய்கிறார்கள். அதை ஏற்கும் திரையையும் பலரும் செய்கிறார்கள். ஒருவர் கடையை மூடினாலும் பொந்து அநாதையாகாது. தடித்த பெட்டி பிழைத்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, இதுல நமக்கென்ன? 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பழைய பிராசசர் உள்ள பெட்டிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. பொந்து இருக்கும் திரையில் பெட்டியை மட்டும் மாற்றினால் கதை முடிந்தது. இல்லாத திரையில், தனிக் கணினி ஒன்றைக் கேபிளில் கோத்து மறுபடி 1991க்கே போக வேண்டும். பல இடங்களில் அதற்கும் பொறுமை இல்லாமல் முழுத் திரையையும் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

கணினி சீக்கிரம் கிழடாகும், கண்ணாடி ஆகாது. இதை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட யாரோ விட்டுவைத்த இடம்தான் அந்தப் பொந்து. உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ "போர்டு ஸ்லோவா இருக்கு, தூக்கிப் போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால், முதலில் பின்னால் போய்ப் பாருங்கள்.