அணிகளுக்குப் பெயர் வந்த கதை

உவமை அணி, உருவக அணி, தற்குறிப்பேற்ற அணி என்று மனப்பாடம் செய்து எல்லோரும் மதிப்பெண் வாங்கியிருப்போம். இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று யோசித்ததுண்டா?

நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய தமிழ் இலக்கண நூலான தொல்காப்பியத்தில் அணிக்குத் தனி அதிகாரம் கிடையாது. பொருளதிகாரத்தில் உவமைக்கு மட்டும் ஓர் இயல் உண்டு. வினை, பயன், மெய், உரு என்ற நான்கால் உவமை அமையும் என்கிறது அது. "புலி போலப் பாய்ந்தான்" என்றால் வினை உவமை. "பவளம் போன்ற வாய்" என்றால் உரு, அதாவது நிறம்.

11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் எழுதிய வீரசோழியம், எழுத்து, சொல், பொருள், யாப்பு ஆகியவற்றோடு அலங்காரத்தை ஐந்தாவதாகச் சேர்த்தது. பிறகு வந்த தண்டியலங்காரம் பொருளணிகளை 35 ஆக வகுத்தது. பல்லவர் கால காஞ்சியோடு தொடர்புடைய தண்டியின் காவியாதரிசம் என்ற வடமொழி நூலே அதற்கு மூலம். கன்னடத்தின் கவிராஜமார்க்கமும் (9ஆம் நூற்றாண்டு) அந்நூலைப் பின்பற்றியதுதான்.

அப்படியானால் நம் அணிகளே இரவலா? இல்லை. கோவலன் மதுரையை நெருங்கும்போது கோட்டைக் கொடிகள் காற்றில் அசைகின்றன. "வராதே" என்று அவை கை காட்டுவதாக இளங்கோவடிகள் பாடினார். தற்குறிப்பேற்றத்துக்குப் பாடநூல்கள் காட்டும் இந்த உதாரணம், தண்டியலங்காரத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது.

பி.காம். மாணவர்களுக்குப் புரியும்படி சொன்னால், வியாபாரம் நடந்த பிறகுதானே பேரேட்டில் பதிவு? இரவல் வந்தது பேரேடுதான், சரக்கு அல்ல.